தார்ப்பாயில் போட்ட படிப்பு வழி

சேலத்துக் காலேஜின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயத்தால் அல்ல. பயம் எனக்கு ஏது? அந்தப் பெயரை எழுதி அதற்கு ஒரு மரியாதை செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீசை அரும்புவதற்கு முன்பே லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவர் உதைத்த உதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கற்றேன். அறுபதுகள் பிறக்கும்போது நாமக்கல்லில் சேலம் ரோட்டின் மேலேயே சொந்த ஷெட், சொந்த லாரிகள். இதற்கு எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. எவனாவது கொடுத்தேன் என்று சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

என் ஷெட்டின் உள்சுவரில் ஒரு படம் இருந்தது. நாமக்கல்லில் தொடங்கி ராசிபுரம், சேலம், அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் என்று மதராஸ் வரைக்கும் நான் கரியால் கோடு இழுத்துக் கொடுக்க, லாரிக்கு போர்டு எழுதும் பெயிண்டர் அதன்மேல் வர்ணம் பூசியது. செக்போஸ்ட் வருமிடத்தில் ஒரு தொப்பி. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கிடைக்குமிடத்தில் ஒரு குடம். மேடேறுமிடத்தில் ஒரு மாட்டுத் திமில். என் டிரைவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. புதிதாக வந்தவன் ஒரு டீ குடிக்கிற நேரம் அதன் முன்னால் நின்றால் போதும், நெய் டின்னை ஏற்றிக்கொண்டு மதராஸ் போய்ச் சேர்ந்துவிடுவான். மற்ற லாரி முதலாளிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஷெட்டில் அதேபோலப் போட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டுப் போட்டவன் ஒருவனும் இல்லை.

அப்பன் போன பிறகு என் வீட்டில் வளர்ந்தவள் என் தங்கை. என்னைவிட மிகவும் இளையவள். அவள் கண் முன்னாலேயே நடந்த ஒரு விஷயம் உண்டு. என் மனைவிக்கு அடிவயிற்றில் ஒரு வலி. ஊரில் இருந்தது ஆண் டாக்டர். அவரிடம் அவள் வாயைத் திறக்கமாட்டாள். என்னிடம் பாதி சொல்வாள், அந்தப் பாதியில் பாதியை நான் டாக்டரிடம் சொல்வேன். பெண்களின் சமாச்சாரத்தை அந்நிய ஆணிடம் எந்த வார்த்தையில் சொல்வது? "வயித்து வலிங்க" என்பேன். அவரும் வயிற்று வலிக்கு மருந்து கொடுப்பார். வருஷக்கணக்கில் இப்படி. ஒரு நாள் தங்கை சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நானு டாக்டருக்குப் படிக்கறனுங்கண்ணா. அப்புறம் அண்ணி எங்கிட்டச் சொல்லுவாங்கல்ல?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் வீட்டிலிருந்து ஒரு டாக்டர். முடிவு செய்ததை நான் எதிலும் விட்டதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. நன்றாகவே பாஸ் செய்தாள். அதற்கு மேல் காலேஜில் பி.யூ.சி. என்று ஒரு வருஷம். அதில் ஏதாவது ஒரு குரூப்பில் சேர வேண்டும். எந்த குரூப் என்று கேட்க நான் சேலம் போனேன். ஆபீஸில் இருந்த கிளார்க் தலையை நிமிர்த்தவில்லை.

"போர்டுல ஒட்டியிருக்கு, பாத்துக்குங்க."

போர்டைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். ஒரு குரூப்பில் கணக்கு, பௌதிகம், ரசாயனம். இன்னொன்றில் பௌதிகம், ரசாயனம், இயற்கை விஞ்ஞானம். வேறொன்றில் சரித்திரம். எதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தது. எது எங்கே போய்ச் சேரும் என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தி, உள்ளே எத்தனை சீட் என்று மட்டும் எழுதி வைத்து, போகும் ஊரின் பெயரை எழுதாமல் விட்டால் எவன் ஏறுவான்? திரும்பிப் போய்க் கிளார்க்கிடம் கேட்டேன்.

"இதுல எது டாக்டருக்குப் போகுதுங்க?"

"அதெல்லாம் புள்ளைக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னா வெளங்குமா?"

பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எங்கள் சாதிசனத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஆணிலும் மிதித்தவன் எனக்குத் தெரிந்து இல்லை. தெரிந்தவன் சொல்லமாட்டான், தெரியாதவனுக்குப் புரியாது என்பான். இந்த நாட்டில் படிப்பை அப்படித்தான் பூட்டி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ராசிபுரம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ராசிபுரத்தில் யோசனை வந்தது. ரோட்டுக்குப் படம் போட்டவன், படிப்புக்குப் போட முடியாதா?

அடுத்த லோடு எங்கே போனாலும் அங்கே படித்தவன் ஒருவனைப் பிடித்தேன். ஜேடர்பாளையத்துக்குச் சிமெண்ட் கொண்டுபோனபோது அங்கே அணைக்கட்டு வேலை பார்த்த இன்ஜினீயரைக் கேட்டேன். சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் வெட்டுமிடத்தில், கல்லைப் பொடித்துச் சோதிக்கிற ஒருவரைக் கேட்டேன். நாமக்கல்லில் மாட்டு டாக்டரைக் கேட்டேன். கடைசியாக என் மனைவிக்கு மருந்து கொடுக்கும் அந்த டாக்டரையே கேட்டேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "நீங்க எங்கிருந்து கெளம்பி, எது வழியா இங்க வந்து சேர்ந்தீங்க?"

டாக்டர் அவசரத்தில் இருந்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பௌதிகம், ரசாயனம், அப்புறம் அது இது."

அந்த 'அது இது'வை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நன்றாக இருந்த தார்ப்பாய் ஒன்றை ஷெட்டின் தரையில் விரித்து, போர்டு எழுதும் பெயிண்டரை உட்கார வைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இன்ஜினீயர் ஓர் ஊர். மாட்டு டாக்டர் ஓர் ஊர். கல் சோதிக்கிறவர் ஓர் ஊர். உச்சியில் மதராஸ் அளவுக்குப் பெரிதாக டாக்டர். அவரவர் சொன்ன வழியைக் கோடாக இழுத்தோம். இழுத்து முடித்து எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எல்லாக் கோடும் ஓரிடத்தில் வந்து குவிந்திருந்தது. ரசாயனம். சேலத்துக்கு வராமல் எங்கள் பக்கத்து லாரி எங்கும் போக முடியாத மாதிரி, ரசாயனத்தைத் தொடாமல் இவர்களில் ஒருவனும் எங்கும் போகவில்லை. கணக்கும் பௌதிகமும் பக்கத்துப் பக்கத்து ஊர். செடி கொடி, தவளை, மனித உடம்பு என்று படிக்கிற இயற்கை விஞ்ஞானம் வேறு பக்கத்திலிருந்து வந்து ரசாயனத்தில் சேருகிற ரோடு. இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து நான் போடவில்லை. நான்கு பேர் வாயிலிருந்து பிடுங்கியது.

தங்கை தார்ப்பாயின் மேல் மண்டியிட்டுப் பார்த்தாள். "இயற்கை விஞ்ஞானத்துல பூவும் தவளையும் வரையோணுமாமுங்கண்ணா. எனக்குப் படமே வராது. கணக்குன்னா சும்மா வாங்கிருவேன் மார்க்கு."

"அப்பக் கணக்கு குரூப்பே எடு சாமி. ரெண்டுலயும் ரசாயனம் இருக்குதல்ல? ரசாயனத்துக்குப் போய்ட்டா அங்கிருந்து எங்க வேணும்னாலும் போயிக்கலாம்."

லாரிக்காரன் வேறு எப்படி நினைப்பான்? ஜங்ஷனுக்கு எந்த ரோட்டில் வந்தாய் என்று பார்த்தா லோடு கொடுக்கிறார்கள்? சேலத்துக்கு நாமக்கல்லிலிருந்து வந்தவனும் ஆத்தூர் ரோட்டில் ஏறலாம், தர்மபுரியிலிருந்து வந்தவனும் ஏறலாம். வந்த வழியைக் கேட்டுத் தடுக்கிற ஜங்ஷனை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைச் சேர்க்கவில்லை. இதை எல்லோரும் காதில் வாங்க வேண்டும். சேர்க்கிற நாளில் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். வராந்தாவில் விரித்தேன். "இந்த வழி செரியாங்க, பாத்துச் சொல்லுங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். கிளார்க் வந்தான். லெக்சரர்கள் வகுப்பை விட்டு வந்தார்கள். தவளைப் பாடம் எடுப்பவர் வந்தார். ரசாயனம் எடுக்கும் அம்மாவும் வந்தார். சேலத்து வேதக்காரக் குடும்பம், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். பிரின்ஸிபால் கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சிரித்தார்கள்.

"லாரிக்காரரே, டாக்டர் ஊருக்குப் போற வழியில செக்போஸ்ட் எங்க வருது?" என்றார் தவளை லெக்சரர்.

"பெட்ரோல் பங்க் போட மறந்துட்டீங்களே" என்றான் கிளார்க்.

"சரித்திரத்துக்கு ரோடே கெடையாதா? நாங்கள்லாம் மாட்டு வண்டியில வரணுமா?" என்றார் சரித்திரம் எடுக்கிற இன்னொருவர்.

நானும் கொஞ்சம் சிரித்தேன். வேலை ஆகவேண்டுமே. "கேலி இருக்கட்டுங்க. தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். ரசாயனத்து அம்மா மட்டும் குனிந்து, என் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தவளை லெக்சரர் இன்னொரு கேலி சொல்ல, எல்லோரும் மறுபடி சிரிக்க, அவரும் புன்னகையோடு ஒதுங்கிவிட்டார். மணி அடித்தது, கலைந்து போனார்கள். கணக்கு குரூப்பில் தங்கையைச் சேர்த்துவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன்.

வருஷம் ஓடியது. முதல் வகுப்பில் பாஸ் செய்தாள். மருத்துவக் காலேஜுக்கு மனுப் போட்டாள். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நான் ஏன் சொல்லக்கூடாது?

ஒரு மத்தியானம் ஷெட்டில் டயர் மாற்றிக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்து அவள் நடந்தே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"ஆகாதுன்னுட்டாங்கண்ணா."

"என்ன ஆகாது?"

"டாக்டருக்கு. இயற்கை விஞ்ஞானம் படிச்சிருக்கோணுமாமா. கணக்கு குரூப்புக்காரங்க மனுவையே எடுத்துக்க மாட்டாங்களாமா."

கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தரையில் எறிந்தேன். கிளீனர் பயந்து லாரிக்கு அடியில் போனான். மறுநாள் அவளையும் தார்ப்பாயையும் ஏற்றிக்கொண்டு நேராகக் காலேஜுக்கு வண்டியை விட்டேன். வெள்ளைக்கல் லோடு பாதி வண்டியில் அப்படியே இருந்தது. காலேஜ் வாசலிலேயே நிறுத்தினேன். அதே வராந்தாவில் அதே தார்ப்பாயை உதறி விரித்தேன்.

"வாங்கய்யா எல்லாரும். போன வருஷம் சிரிச்ச வாயெல்லாம் வாங்க. இப்பவும் சிரிங்க பாக்கலாம்."

பிரின்ஸிபால் ஓடி வந்தார். "சத்தம் போடாதீங்க, கிளாஸ் நடக்குது."

"நடக்கட்டுங்க. இதுவும் பாடந்தான். இந்தப் படத்துல ஒரு கோடு தப்பு. கணக்குலருந்து ரசாயனம் போயி, அங்கிருந்து டாக்டருக்கு ரோடு இல்லை. போன வருஷம் இதே எடத்துல நின்னு தப்பு இருந்தா சொல்லுங்கன்னு கேட்டனா இல்லையா? ஒரு விரல வெச்சு, ஏம்ப்பா இது ஒடஞ்ச பாலம்னு சொல்றதுக்கு உங்க ஒருத்தருக்கும் வாய் வரலையா? சிரிக்க மட்டும் வந்துச்சா?"

தவளை லெக்சரர் சொன்னார், "எங்கிட்டத் தனியா வந்து கேட்டிருக்கலாமே."

"தனியா வேற வந்து கேக்கோணுமா? கூட்டத்துல கேட்டா வண்டிக்காரனுக்குப் பதில் கெடையாதா?"

அப்போது ரசாயனத்து அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் பார்த்தேங்க. அன்னிக்கே அந்தக் கோட்டுல என் விரல் நின்னுச்சு. சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நேரத்துல பாடம் நடத்துற மாதிரி பேசினா என்னையும் கேலி பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்."

அந்த ஒரு நிமிஷம் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பெண்பிள்ளை என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இருந்தும் கோபம் அவர்மேல்தான் அதிகமாக வந்தது, இன்றைக்கும் வருகிறது. தெரியாமல் சிரித்தவனைவிடத் தெரிந்துகொண்டு சிரித்தவர் அல்லவா?

"அப்ப இந்தப் புள்ளைய இந்த வருஷம் தவளை குரூப்புல போடுங்க. இன்னொரு வருஷம் படிக்கட்டும்" என்றேன் பிரின்ஸிபாலிடம்.

"பி.யூ.சி. பாஸ் பண்ணினவங்களை மறுபடி பி.யூ.சி.யில சேர்க்க வழி கிடையாது. ஃபெயில் ஆகியிருந்தா யோசிக்கலாம்."

கேட்டீர்களா? முதல் வகுப்பில் பாஸ் செய்ததுதான் குற்றமாம்.

லாரியிலிருந்து பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வரச் செய்து தார்ப்பாயில் வைத்தேன். "சரி. இனி இந்தப் படத்த நம்பி இன்னொரு புள்ள போகக்கூடாது. நீங்களே திருத்துங்க. எது எதுக்குப் போகும், எது போகாதுன்னு எல்லாத்தையும் எழுதுங்க. எழுதற வரைக்கும் வண்டி வாசல விட்டு நகராது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவளை லெக்சரர் பிரஷ்ஷை வாங்கித் தன் ரோட்டைச் சரியாகப் போட்டார். பௌதிகக்காரர் தன்னுடையதைப் போட்டார். அடுத்தவர் ஊரைப் பற்றிக் கேட்டால் இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரவர் பிறந்த ஊரும் அவரவர் வந்த ரோடும், அவ்வளவுதான் தெரிந்தது. அதில் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், என் டிரைவர்களும் அப்படித்தான். ஆனால் என் டிரைவர்கள் தெரியாத ரோட்டைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

கடைசியில் ரசாயனத்து அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என் டாக்டர் கோட்டின் நடுவில் குறுக்காக ஒரு கட்டை போட்டு அடைத்தார். பிறகு ரசாயனத்திலிருந்து நான் கேள்விப்படாத பக்கமெல்லாம் ரோடு இழுத்தார். தோல் பதனிடுவது ஒன்று. சாயம் ஒன்று. உரம் ஒன்று. மருந்து தயாரிப்பது ஒன்று. தண்ணீரையும் மண்ணையும் சோதிப்பது ஒன்று. நான் நான்கு கோடு போட்ட இடத்தில் அவர் இடமில்லாமல் தார்ப்பாயின் ஓரம் வரைக்கும் போய்விட்டார்.

என் தங்கை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். மருந்து தயாரிக்கும் கோட்டில் வெகுநேரம் பார்வை நின்றது. பிறகு ரசாயனம் என்று எழுதியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"நானு இங்கயே எறங்கிக்கறனுங்கண்ணா."

"என்னது?"

"ரசாயனமே படிக்கறேன். பி.எஸ்ஸி."

"எறங்கறதுக்கா அம்மிணி உன்ன ஏத்துனேன்? டாக்டரு?"

"அங்கதான் கட்ட போட்டுட்டாங்களே. கட்டைக்கு முன்னால வண்டிய நிறுத்தி ஆரன் அடிச்சுட்டே இருந்தா ரோடு தொறந்துருமா? ஏத்துனது நீங்க. எறங்கற எடத்த நாஞ் சொல்றேன்."

இத்தனை பேர் முன்னால் என்னை அப்படிப் பேசியவர் அதுவரை ஒருவரும் இல்லை. அடிக்கக் கை எழுந்தது. அவள் தலையைக் குனியவில்லை. கை தானாக இறங்கிவிட்டது. தார்ப்பாயைப் பெயிண்ட் காயாமலேயே விட்டுவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தேன்.

வீட்டில் அதற்குள் தாய்மாமன் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நல்லதாப் போச்சு மாப்ளே. தோட்டம், கெணறு, பம்புசெட்டு எல்லாம் இருக்கற எடம். பையன் பீடி கூடக் குடிக்கமாட்டான். இந்த மாசமே முடிச்சுப்போடலாம்."

"என்ன நல்லதாப் போச்சு? அவ வழி அடஞ்சது உங்களுக்கு நல்லதாப் போச்சா?"

"பொட்டப் புள்ளைக்கு ரசாயனம் என்னத்துக்கு மாப்ளே? கொழம்புல ஊத்தவா?"

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் நான் வாசலைக் காட்டிவிட்டேன். அவளுக்காகக் காட்டினேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இல்லை. அந்த நேரத்தில் எவன் வந்திருந்தாலும் காட்டியிருப்பேன்.

திருச்சியில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. ரசாயனத்துக்கு இடம் கிடைத்தது. நானே லாரியில் கொண்டுபோய் விட்டேன். மோகனூர் தாண்டிக் காவிரிக் கரையோரமாகவே ரோடு போகும். முசிறி வரைக்கும் நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள். தண்ணீர் குறைந்திருக்கிறது என்றாள், வாழை நன்றாக இருக்கிறது என்றாள், அண்ணிக்குத் திருச்சியில் லேடி டாக்டர் இருக்கிறாராம், விசாரித்து எழுதுகிறேன், அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அதற்கும் நான் தலையாட்டவில்லை. நான் ஆக்கப் பார்த்த டாக்டர் வேறு எவன் வீட்டிலோ ஆகியிருக்கிறாள், அங்கே போய் நான் வரிசையில் நிற்க வேண்டுமாம்.

ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தேன். அவள் உள்ளே போகாமல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவத்தோட வண்டி ஓட்டாதீங்கண்ணா. பாத்துப் போங்க."

"கோவம் இல்லாம இருந்திருந்தா நானு இன்னும் கிளீனராத்தான் இருந்திருப்பேன், சாமி. போ. போய்ப் படி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் என் மனைவியைத் திருச்சிக்குக் கூட்டிப் போனேன். லேடி டாக்டரின் அறைக்குள் போய் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். பக்கத்தில் நின்றது என் தங்கை. வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.